"சும்மா பார்த்துட்டு வர்றோம்ணா" என்பவர்களுக்கு ஒரு மடல்

டென்வர், ஃபோர்ட் காலின்ஸ், கொலராடோ ஸ்பிரிங்ஸ் பக்கமிருந்து எல்க் மான் உதிர்த்த கொம்பு தேடி மேற்கே வரும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம்.

பிப்ரவரி பாதி தாண்டினாலே என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "அண்ணா, அங்கே பனி கரைஞ்சிடுச்சா? இந்தச் சனிக்கிழமை வரலாமா?" பன்னிரண்டு வருடமாக கிராண்ட் ஜங்ஷனில் குடியிருக்கிறேன், இந்தப் பள்ளத்தாக்குகளில் கொஞ்சம் நடந்திருக்கிறேன் என்பதால் என்னைக் கேட்கிறீர்கள். கேட்பது சந்தோஷம்தான். ஆனால் மே மாதம் வாருங்கள் என்று நான் சொன்னதும் ஒரு பதில் வருகிறதே, அதற்காகத்தான் இந்த மடல். "நாங்க எடுக்க மாட்டோம்ணா. சும்மா பார்த்துட்டு வர்றோம். எங்கே கிடக்குதுன்னு போன்ல குறிச்சு வச்சுக்கிட்டா, மே ஒண்ணாம் தேதி வந்து எடுத்துக்கலாம். எடுக்கக் கூடாதுன்னுதானே சட்டம்?"

சட்டம் அப்படித்தான் இருக்கிறது. 2018-இல் கொலராடோ பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை கொண்டுவந்த விதிப்படி, ஐ-25 நெடுஞ்சாலைக்கு மேற்கே இருக்கும் பொது நிலம் எதிலும் ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை உதிர்ந்த கொம்பைச் சேகரிக்கக் கூடாது. நடக்கக் கூடாது என்று அந்த விதியில் இல்லை. ஆக, வெறுமனே நடப்பதில் சட்டப்படி தப்பு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த விதி எதற்காக வந்ததோ, அதைத்தான் நீங்கள் மிதித்துக்கொண்டு போகிறீர்கள். கொம்பை எடுப்பதால் மானுக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. விழுந்த கொம்பை அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நாம் அங்கே போய் நிற்கிறோமே, அதுதான் அதற்கு நஷ்டம். கையில் கொம்போடு வருகிறோமா, போனில் புள்ளியோடு வருகிறோமா என்பது மானுக்குத் தெரியாது.

இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. நானே செய்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

2016 மார்ச். அப்போது இந்த விதி இல்லை. நானும் இரண்டு நண்பர்களும் உனவீப் பள்ளத்தாக்கின் பக்கமாக ஒரு கிளை ஓடைக்குள் நடந்தோம். வைட்வாட்டரிலிருந்து கேட்வேக்குப் போகும் 141-ஆம் எண் சாலையில் போனவர்களுக்கு அந்த இடம் தெரியும். கீழே கறுத்த பழம்பாறைச் சுவர், அதற்கு மேலே சிவந்த மணற்பாறை, நடுவில் ஒரு பெரிய ஆறு ஓடியிருக்க வேண்டிய அகலம். ஆனால் ஆறு இல்லை. பள்ளத்தாக்கின் நடுவே ஒரு மேடு, அங்கிருந்து ஒரு சிற்றோடை கிழக்கே கன்னிசன் ஆற்றுக்கும் இன்னொன்று மேற்கே டலோரஸ் ஆற்றுக்கும் போகின்றன. அப்படி இரண்டு வாய் உள்ள பள்ளத்தாக்கை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அன்றைக்கு வெயில் சட்டையைக் கழற்றச் சொல்லும் அளவுக்கு அடித்தது. தெற்கு பார்த்த சரிவில் பனியே இல்லை. ஜூனிபர் மரத்தடியில் எங்களுக்கு ஒரு ஆறு கிளைக் கொம்பு கிடைத்தது. சந்தோஷத்தில் கத்திவிட்டோம். அந்தச் சத்தத்துக்கு, நூறு அடிக்கு மேலே மரங்களுக்குள் படுத்திருந்த ஒரு கூட்டம் எழுந்தது. எண்ணினேன், பதினான்கு. எல்லாம் பெண் மான்களும் போன வருடத்துக் கன்றுகளும். நம் பழைய பாட்டுகளில் ஆண் மானைக் கலை என்றும் பெண் மானைப் பிணை என்றும் சொல்வார்கள். அழகான சொற்கள். இந்த மடலில் நானும் அப்படியே எழுதுகிறேன்.

பிணைகள் எங்களைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றன. அப்புறம் ஓடின. வெயில் பக்கம் நாங்கள் நின்றதால் எதிர்ப்பக்கம் ஓடின. அது வடக்கு பார்த்த சரிவு. பனி அப்படியே கிடந்தது. முன்னால் போன பிணை நெஞ்சளவு பனியைத் தள்ளிக்கொண்டு ஏற, மற்றவை அதன் தடத்தில் ஒன்றன் பின் ஒன்றாக ஏறின. பைனாகுலரில் பார்த்தேன். இடுப்பெலும்பு இரண்டும் தோலுக்கடியில் கூடாரக் கம்பு மாதிரி நின்றன. பத்தடி ஏறும், நிற்கும், வாய் திறந்து மூச்சு வாங்கும், மறுபடி ஏறும். மேட்டைத் தாண்ட முக்கால் மணி நேரம் ஆனது. திரும்பும்போது அந்தத் தடத்தின் அடிவாரத்துக்குப் போய்ப் பார்த்தேன். பகலில் உருகி இரவில் உறைந்த பனியின் மேல்தோல் கண்ணாடிச் சில்லு மாதிரி இருக்கும். அந்தச் சில்லின் விளிம்பில், கணுக்காலுக்கு மேலே உரசும் உயரத்தில், இரண்டு பக்கமும் சிவப்பாகக் கோடு. பதினான்கு மானும் அதே இடத்தில் உரசிப் போயிருந்தன.

அந்தக் கொம்பு இன்னும் என் வீட்டில் இருக்கிறது. வருகிறவர்களெல்லாம் எடுத்துப் பார்த்து அழகாக இருக்கிறது என்பார்கள். எனக்கு அந்தக் கோடு ஞாபகத்துக்கு வரும்.

இதைச் சொன்னால் உங்களில் சிலர், "காட்டு மிருகம்தானே அண்ணா, சிங்கம் துரத்தினா ஓடாதா?" என்கிறீர்கள். மலைச்சிங்கம், அதாவது பூமா, துரத்தினால் ஓடத்தான் செய்யும். ஆனால் மார்ச் மாதம் அந்த உடம்புக்கு என்ன மாதம் என்று யோசியுங்கள். எல்க் செப்டம்பர், அக்டோபரில் இணை சேரும். மே கடைசியிலும் ஜூனிலும் கன்று போடும். சினையின் கடைசி மூன்று மாதத்தில்தான் வயிற்றில் இருக்கும் கன்று வேகமாக வளரும். அதாவது மார்ச், ஏப்ரல், மே. தின்பதற்கு இருப்பதோ காய்ந்த புல்லும் புதரின் குச்சியும். அதில் கிடைக்கும் சத்து போதாமல் கோடையில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துத்தான் குளிர்காலத்தை ஓட்டுகின்றன. டிசம்பரில் ஒரு தடவை ஓடவிட்டால் கையிருப்பு கொஞ்சம் குறையும். மார்ச்சில் கையிருப்பே இருக்காது. நமக்கு வெயில் வந்துவிட்டது, வசந்தம் வந்துவிட்டது என்று தோன்றும் அதே வாரம் அவற்றுக்குப் பட்டினியின் கடைசி வாரம். தெற்குச் சரிவில் பனி முதலில் கரைவதால் நாமும் அங்கேதான் போகிறோம், அவையும் அங்கேதான் ஒதுங்கியிருக்கின்றன. கொம்பு அங்கே கிடைப்பதே அவை அங்கே இருப்பதால்தான்.

நாம் ஒரு குழுவாக ஒரு நாள் போவதால் என்ன ஆகிவிடும் என்றும் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. 1990-களில் கொலராடோவின் வெய்ல் என்ற ஊர்ப் பக்கத்தில் ஆராய்ச்சியாளர்கள் இதைத்தான் சோதித்தார்கள். கன்று போடும் பருவத்தில் கழுத்துப்பட்டை போட்ட பிணைகளை ஆட்கள் வேண்டுமென்றே நடந்து போய் எழுப்பினார்கள். துப்பாக்கி இல்லை, நாய் இல்லை, வெறும் நடை. அந்தக் கூட்டத்தில் பிழைத்த கன்றுகளின் எண்ணிக்கை குறைந்தது. அப்புறம் தொந்தரவை நிறுத்தினார்கள். கன்றுகளின் எண்ணிக்கை மறுபடி ஏறியது. அது வசந்தத்தின் கடைசியிலும் கோடையின் தொடக்கத்திலும் நடந்த சோதனை, பச்சைப் புல் கிடைக்கும் காலம். அப்பவே அப்படி என்றால் மார்ச்சில் எப்படி இருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், நீங்கள் ஒரு குழு அல்ல. சனிக்கிழமை காலை உங்களுக்கு முன்னால் ஒரு குழு, பின்னால் ஒரு குழு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் இரண்டு. மேட்டைத் தாண்டிப் போன அதே பதினான்கு மானும் திரும்பி வந்து படுப்பதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுகிறார்.

2022-23 குளிர்காலத்தை நான் கண்ணால் பார்த்தேன். வடமேற்குக் கொலராடோவில் பனி இறுகிப் போய் எல்க்கும் மியூல் மானும் ஏராளமாகச் செத்தன. மிஞ்சியவை சாலையோரம் பனி வாரி ஒதுக்கிய இடத்தில் நின்று அசையவே மாட்டா, கார் ஹார்ன் அடித்தாலும். துறை அடுத்த பருவத்துக்கான வேட்டை உரிமங்களைப் பெருமளவு குறைத்தது. பக்கத்து யூட்டா அந்தப் பிப்ரவரியில் கொம்பு சேகரிப்பையே மாநிலம் முழுக்க ஏப்ரல் கடைசி வரை நிறுத்திவைத்தது. வேட்டைக்காரர்கள், பண்ணைக்காரர்கள் எல்லாரும் முணுமுணுத்தபடியே ஒத்துக்கொண்டார்கள். ஏனென்றால் இது இழந்து மீட்ட விலங்கு. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலராடோவில் எல்க் அரிதாகிப் போய், வயோமிங்கிலிருந்து ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்கள். இன்றைக்கு 2,80,000 அளவுக்கு இருக்கிறது. அமெரிக்காவில் வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு எல்க் கிடையாது. அந்த ரயிலுக்குக் காசு கொடுத்தவர்களின் பேரன் பேத்திகள்தான் இப்போது நம்மைப் பார்த்து "ஏப்ரல் முடியட்டும்" என்கிறார்கள். வெளியிலிருந்து வந்த நமக்கு அந்த வார்த்தை இன்னும் கனமாக விழ வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம், இது வலிக்கும்படிதான் சொல்லப்போகிறேன். குறித்து வைப்பதோடு நிற்பதில்லை சிலர். மார்ச்சில் கண்ட கொம்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாறை இடுக்கிலோ புதருக்குள்ளோ ஒளித்து வைத்துவிட்டு, மே 1 விடியற்காலை வந்து எடுக்கிறார்கள். நம் ஆட்களும் செய்கிறார்கள். எனக்கே ஒருவர் பெருமையாகச் சொன்னார். இதில் வாதமே இல்லை, இது சேகரிப்பதுதான். நல்ல பழுப்புக் கொம்புக்குப் பவுண்டுக்குப் பத்து டாலருக்கு மேல் கிடைக்கிறது, நாய் கடித்து விளையாடக் கொடுக்கவும் சரவிளக்கு செய்யவும் வாங்குகிறார்கள் என்பதால் இதை வயிற்றுப்பாடாகச் செய்கிறவர்கள் உண்டு. அவர்களோடு பேசத் தனிப் பேச்சு வேண்டும். நீங்களோ வாரக் கடைசியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள். ஒரு கொம்பு வீட்டு வரவேற்பறையில் இருந்தால் போதும் என்பவர்கள். உங்களுக்கு என்ன அவசரம்?

சரி, வராதே வராதே என்றே எழுதிக்கொண்டிருந்தால் எனக்கு இந்தத் தேடல் பிடிக்காது என்று நினைப்பீர்கள். எனக்கு இதைவிடப் பிடித்த வேலை இல்லை. எப்போது வரணும், வந்தால் எப்படிப் பார்க்கணும் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் கொம்பு ஏன் விழுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். தமிழில் மாட்டுக்கும் கொம்பு, மானுக்கும் கொம்பு. ஆனால் மாட்டுக் கொம்பின் வெளிப்பகுதி நகம் மாதிரிப் பொருள், ஆயுசுக்கும் விழாது. மான் கொம்பு முழுக்க எலும்பு, வருடா வருடம் விழுந்து முளைக்கும். இலையுதிர் காலத்துச் சண்டையெல்லாம் முடிந்து, ஆண் ஹார்மோனின் அளவு குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்துக்குக் கீழே போனதும், தலையெலும்பும் கொம்பும் சேரும் இடத்தில் உடம்பே எலும்பை அரித்துவிடும். அப்புறம் ஒரு தாவல், ஒரு கிளை உரசல் போதும். பெரிய கலைகளுக்கு மார்ச்சிலேயே விழும். இளசுகளுக்கு ஏப்ரல், சிலவற்றுக்கு மே. விழுந்த சில நாளிலேயே அடுத்தது முளைக்கத் தொடங்கிவிடும். வேகமாக வளரும் காலத்தில் நாளுக்கு ஒரு அங்குலம் வரை வளரும் எலும்பு. பஞ்சு மாதிரி மெல்லிய தோல் போர்த்திக்கொண்டு வளர்ந்து ஆகஸ்டில் அந்தத் தோலை மரத்தில் தேய்த்து உரித்துவிடும். நாம் மரப்பழுப்பு என்று வியக்கிற நிறம் அப்படித் தேய்க்கும்போது ஏறிய மரச்சாறும் மண்ணும்.

அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடிப்பாகத்தில் மல்லிகைச் சரத்தைச் சுற்றி வைத்த மாதிரி முண்டு முண்டாக ஒரு வளையம். அதன் நடுவே தலையிலிருந்து கழன்ற வட்டம், சொரசொரப்பாக, பவளப்பாறை மாதிரி. ரொம்பப் புதிது என்றால் அதில் காய்ந்த ரத்தம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். தண்டு நெடுக நீளவாக்கில் வரிகள், வளரும்போது ரத்தக் குழாய்கள் ஓடிய தடம். கிளை நுனிகள் மட்டும் தந்தம் போல வெளுத்து வழவழப்பாக இருக்கும், சண்டையிலும் மண் கிளறியும் பாலிஷ் ஏறியது. ஒரு பக்கக் கொம்பே பத்துப் பவுண்டு தூக்கும். நாலடி நீளம். இதை இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு ஒரு விலங்கு இந்த நெருக்கமான மரங்களுக்குள் எப்படி ஓடியது என்று கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் தோன்றும்.

தேடும்போது நிறத்தைத் தேடாதீர்கள். காய்ந்த ஜூனிபர் கிளையும் அதே நிறம்தான். வளைவைத் தேடுங்கள். இந்த நிலத்தில் கிளைகள் முறுக்கிக்கொண்டு போகும், கொம்பு வில் மாதிரி ஒரே வளைவாகப் போகும். மழை பெய்து வானம் மூடிய நாள் நல்ல நாள். ஈரத்தில் பழுப்பு எடுத்துக் காட்டும், நிழல் குழப்பாது. மான்கள் தாண்டும் வேலி, ஓடை தாண்டும் இடம், சரிவின் நடுவே படுத்து எழுந்த குழிகள், இவைதான் இடம். முதலில் உட்கார்ந்து எதிர்ச் சரிவைப் பைனாகுலரில் பத்தி பத்தியாகப் படியுங்கள், அப்புறம் நடங்கள். ஒன்று கிடைத்தால் ஜோடி பக்கத்திலேயே இருக்கும் என்று நம்பி அரை நாள் சுற்றுவீர்கள். சில நேரம் இருக்கும். சில நேரம் அடுத்த மேட்டில்.

கிடைத்ததில் ஒன்றை எடுங்கள், மிச்சத்தை விடுங்கள். எலிகளும் அணில்களும் முள்ளம்பன்றிகளும் சுண்ணாம்புச் சத்துக்காக அதைக் கொறிக்கும். பழைய வெள்ளைக் கொம்பில் உளி வைத்துச் செதுக்கிய மாதிரி வரிசையாகப் பல்தடம் இருக்கும். அப்படி ஒன்றைப் போன வருடம் என் பெண் கண்டுபிடித்தாள். எடுக்காமல் அரை மணி நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கன்னிசன் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அந்த வட்டாரத்தில் மே 1 வந்தாலும் தீரவில்லை. மே 15 வரை சூரியன் மறைந்ததிலிருந்து மறுநாள் காலை 10 மணி வரை சேகரிக்கக் கூடாது. கன்னிசன் சேஜ் க்ரௌஸ் என்ற பறவைக்காக அந்த விதி. 2014-இல் அமெரிக்க அரசு அச்சுறுத்தலுக்குள்ளான (threatened) இனமாகப் பட்டியலிட்ட பறவை. விடியற்காலையில் ஆண் பறவைகள் திறந்த வெளியில் கூடி நெஞ்சை ஊதிக் கொண்டு ஆடும், பெண்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். அந்த நேரத்தில் இரண்டு டார்ச் லைட்டும் ஒரு நாயும் போதும், அன்றைய ஆட்டம் முடிந்தது. கன்னிசன் இல்லாவிட்டாலும் அந்தப் பத்து மணி எனக்குப் பிடித்த விதி. நான் எல்லாப் பள்ளத்தாக்கிலும் மே பாதி வரை அதைக் கடைப்பிடிக்கிறேன். மானும் விடியலில்தான் மேயும். பத்து மணிக்கு அது நிழலுக்குப் போய்விடும்.

நிலம் யாருடையது என்று பாருங்கள். கொலராடோவில் வேலி இல்லை, பலகை இல்லை என்பதற்காகத் தனியார் நிலத்தில் நுழைந்து கொம்பு எடுக்க முடியாது, அனுமதி வாங்குவது நம் பொறுப்பு. இங்கே தனியார் நிலமும் பொது நிலமும் ஒட்டுப்போட்ட துணி மாதிரி மாறி மாறி வரும். எல்லை காட்டும் ஆப் இல்லாமல் இறங்காதீர்கள். கொலராடோ நேஷனல் மானுமென்டிலும் பிளாக் கேனியன் தேசியப் பூங்காவிலும் எந்த மாதத்திலும் எதையும் எடுக்கக் கூடாது. டொமிங்கஸ் பள்ளத்தாக்கில் பாறையில் மானும் ஆடும் செதுக்கியிருப்பதைப் பார்ப்பீர்கள். இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, 1881-இல் விரட்டப்பட்ட யூட் மக்களின் கைவேலையும் அதில் உண்டு. கொம்பையும் எலும்பையும் கருவியாகச் செதுக்கத் தெரிந்த மக்கள். பக்கத்தில் நின்று பாருங்கள், தொடாதீர்கள், பிள்ளைகளைச் சுண்ணாம்புக் கட்டியோடு விடாதீர்கள். மண்டையோட்டோடு ஒட்டிய கொம்பு கிடைத்தால் அது உதிர்ந்தது இல்லை, செத்த விலங்கு. வனவிலங்கு அதிகாரியிடம் கேட்காமல் அசைக்காதீர்கள். ஊருக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டலாம் என்ற ஆசையையும் விட்டுவிடுங்கள். இந்தியாவில் 1972-ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டம் இதைவிடக் கண்டிப்பு. காட்டில் தானாக விழுந்து கிடக்கும் கடமான் கொம்பைக்கூட எடுக்கவோ விற்கவோ கூடாது. விமான நிலையத்தில் இது எல்க், அது கடமான் என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம்.

பாறையைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. மணற்பாறையில் ஏறுவதோ இறங்குவதோ சுலபம், வந்த வழியே திரும்புவதுதான் கஷ்டம். மூன்று வருடத்துக்கு முன் நம்மில் ஒருவர், விளிம்புக்குக் கீழே ஒரு திட்டில் கிடந்த கொம்பைப் பார்த்து இறங்கினார். கொம்பு கைக்கு வந்தது. திரும்பி ஏற ஒரு கைப்பிடி இல்லை. போன் சிக்னல் இல்லை. நான் சாலைக்கு வந்து வண்டியை எடுத்து, சிக்னல் கிடைக்கும் மேடு வரை ஓட்டி, மீட்புக் குழு கயிறோடு வருவதற்குள் ராத்திரி ஒன்பதரை. மே மாதம்தான், ஆனால் சூரியன் போனதும் குளிர் எலும்பில் ஏறிவிட்டது அவருக்கு. அவரைத் தூக்கிய பிறகு மீட்புக் குழுவில் ஒரு வயதான அம்மா, தன் ஃப்ளாஸ்கிலிருந்து காபியை அவர் கையில் வைத்து, விரல்களைத் தன் கையால் மூடிப் பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. எல்லாரும் சம்பளம் வாங்காமல் வருகிறவர்கள். இறங்கும் வழி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஏறாதீர்கள், ஏறும் வழி தெரியாத இடத்தில் இறங்காதீர்கள்.

காத்திருப்பதைத் திருவிழாவாக ஆக்க முடியும் என்பதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. வயோமிங்கில் ஜாக்சன் ஊரை ஒட்டி 1912-இல் தொடங்கிய தேசிய எல்க் சரணாலயம் உண்டு. அங்கே குளிர்காலம் முழுக்க யாரும் கொம்பு பொறுக்க உள்ளே போக மாட்டார்கள். மான்கள் மலை ஏறிய பிறகு சாரணச் சிறுவர்கள் போய்க் கொம்புகளைப் பொறுக்குவார்கள். 1968 முதல் மே மாதம் ஊர்ச் சதுக்கத்தில் ஏலம். பணத்தில் பெரும்பங்கு அந்தச் சரணாலயத்துக்கே திரும்பிப் போகிறது. சதுக்கத்தின் நான்கு மூலையிலும் கொம்பாலேயே கட்டிய வளைவுகள் நிற்கும். ஒரு தடவை குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து இங்கேயும் மே மாதத்தில் ஒரு நாள் இப்படிச் செய்யலாம் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. யாராவது சேர்ந்தால் நான் தயார்.

என் கோரிக்கை இவ்வளவுதான். ஏப்ரல் முடிகிற வரை எல்க் ஒதுங்கும் சரிவுகளுக்குள் போகாதீர்கள், வெறும் கையோடும் போகாதீர்கள். நடக்கணும் போல இருந்தால் ஊரை ஒட்டிய, எப்போதும் ஆள் நடமாட்டம் உள்ள பாதைகள் எத்தனையோ இருக்கின்றன, கேளுங்கள், சொல்கிறேன். போனில் இந்த வருடம் குறித்து வைத்த புள்ளிகள் இருந்தால் அழித்துவிடுங்கள், மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள். நாயைக் கயிற்றில் வையுங்கள். நடக்கும்போது மான் தலை தூக்கிப் பார்த்தால் அங்கேயே நின்று, வந்த வழியே திரும்பிவிடுங்கள், அன்றைக்கு அந்தப் பள்ளத்தாக்கு அவ்வளவுதான்.

மே இரண்டாம் சனிக்கிழமை, காலை 10 மணிக்கு, வைட்வாட்டரில் 141 பிரியும் திருப்பத்தில் நிற்பேன். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், முழுக்கால் பேன்ட், கணுக்கால் மூடிய ஷூ. பாம்பு வெளியே வரும் மாதம், கையை எங்கே வைக்கிறோம் என்று பார்த்து வைக்கணும். தயிர்சாதம் நான் கொண்டுவருகிறேன், ஊறுகாயை யாராவது ஒருவர் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
கிராண்ட் ஜங்ஷனிலிருந்து உங்கள் அண்ணன்